மரம் யாருடையது, மானியம் யாருக்கு?

தனியார் நிலத்தில் மரம் வளர்த்தால், பறவைக்கும் விலங்குக்கும் இடம் விட்டால், நில உடைமையாளருக்கு அரசு பணம் தருகிறது. கேரள வனத்துறை தனியார் காவுகளைப் பாதுகாக்க நிதி கொடுக்கிறது. தமிழக வேளாண்துறை 2021-22இல் அறிவித்த நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசம். வரப்போரம் நட்டால் ஏக்கருக்கு 50, வயல் முழுக்க நட்டால் 160. பிழைக்கிற கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்றாண்டுகள், ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். 160 கன்றும் பிழைத்தால் மொத்தம் 3,360 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பைப் பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக்குவோம் என்கிறது. அரசுக் காட்டை மட்டும் வைத்து இது நடக்காது. ஆகவே தனியார் நிலம்.

தொகை சிறிசுதான். ஆனால் அது எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம். முதல் மூன்றும் இல்லாதவனுக்கு நான்காவது இருந்து என்ன பயன்? குழி வெட்டியவள், தண்ணீர் சுமந்தவள், ஆடு மாடு மேயாமல் காவல் நின்றவள் பெயர் அந்தத் தாள்களில் எங்கேயும் இல்லை. வாரத்துக்கும் வாய்மொழிக் குத்தகைக்கும் உழுகிறவன் பெயரும் இல்லை. மயிலும் காட்டுப்பன்றியும் அவன் வெள்ளாமையை அழித்தால் நிவாரணம் கேட்கப் போகிற இடத்திலும் முதல் கேள்வி, "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்பதே.

கப்பலூர்ப் பக்கம் வந்து பாருங்கள். ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, குறுக்கே நான்குவழிச் சாலை. மிச்சமிருக்கிற வயலில்தான் நம் பெண்களுக்கு நடவும் களையெடுப்பும் அறுப்பும். அந்த வயலும் மரத்தோப்பானால் உடைமையாளருக்கு நட்டமில்லை: இன்றைக்கு ஊக்கத்தொகை, நாளைக்கு மரத்தின் விலை. ஆனால் தோப்புக்குக் களையெடுப்பு எத்தனை நாள்? அறுப்பு எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா? போன கூலிநாளுக்கு எந்த அரசாணையிலும் ஈடு கிடையாது. பசுமை வருகிறபோது சேரியில் அடுப்பு அணையும் என்றால் அந்தப் பசுமை யாருடையது?

"அப்ப மரமே வேண்டாங்கிறீங்களா?" என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. வெயிலில் வேலை செய்கிறவர்கள் நாம்; நிழலின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் தேக்கையும் மகோகனியையும் வரிசை பிடித்து நட்டுவிட்டு அதைக் காட்டுயிரின் வீடு என்று சொன்னால் ஏற்க மாட்டோம். மதுரைச் சமவெளியில் உயிர்கள் வாழ்வது கண்மாய்ச் சேற்றில், கரட்டில், முள்காட்டில், காய்ந்த புல்வெளியில். அரசு இவற்றுக்கு வைத்திருக்கிற பெயர் தரிசு, புறம்போக்கு. நம் ஆடு மேய்வது அங்கே. நம் சுடுகாடும் பெரும்பாலும் அங்கேதான். பட்டா நிலத்தில் நிற்கிற மரத்துக்கு மானியம்; புறம்போக்கில் குடியிருக்கிற மனிதனுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ்!

பணம் கொடுத்தால்தான் உயிரினம் பிழைக்கும் என்பதும் முழு உண்மையல்ல. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள் ஊர்மக்கள். மானியத்துக்காகத் தொடங்கிய வழக்கமல்ல அது. மேலூர் அருகே அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்குப் போனது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மலையையும் வல்லூறுகளையும் காப்பாற்றியது அறிவிப்புப் பலகையல்ல, நடந்து போன மக்களின் கால்கள்.

ஆகவே கேள்வி நிலத்துக்கே திரும்புகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் ஐந்தில் ஒருவர் தலித். நம் கையில் நிலம் எவ்வளவு? 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவே கூடாது, பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது விதி. அந்த நிலமெல்லாம் யார் பட்டாவுக்குள் போனது? காரணையில் அதைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பறிபோன பஞ்சமி நிலத்தில் இன்று மரம் நட்டு ஊக்கத்தொகை வாங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை என்றால், அது திருட்டுக்கு அரசு கொடுக்கிற பரிசு.

நாம் கேட்பது இவைதான்:

மானியம் கொடுப்பதற்கு முன், அந்த நிலம் பஞ்சமி நிலமா என்று பழைய பதிவேட்டைப் பார். பஞ்சமி என்றால் மானியத்தை நிறுத்து, நிலத்தை மீட்டுக் கொடு.

உடைமையாளருக்குப் போகிற தொகையில் உழைத்தவர்களுக்கும் குத்தகைதாரருக்கும் சட்டப்படி பங்கு வை. இழந்த கூலிநாளைக் கணக்கில் எடு.

கண்மாய், புறம்போக்கு, மேய்ச்சல் நிலங்களைப் பராமரிக்கும் பொறுப்பையும் அதற்கான நிதியையும் நிலமற்ற பெண்களின் குழுக்களிடம் கொடு.

நிலமற்ற தலித், பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க 5 லட்சம் வரை மானியம் என்று தாட்கோவின் நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம் 2023இல் வந்தது. நிலம் வாங்கித் தர முடியும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அதுவே சாட்சி. அதை ஊர் ஊருக்கு விரிவாக்கு.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் யார் யாருக்கு மரக்கன்று ஊக்கத்தொகை போயிருக்கிறது, எந்தச் சர்வே எண்ணுக்குப் போயிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பட்டியல் வந்ததும் சேரியில் கூட்டம் போட்டு உரக்கப் படியுங்கள். அந்த நிலம் ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதை நம் பெரியவர்கள் சொல்வார்கள். எழுதிக்கொள்ளுங்கள்.