குட்டி சொன்ன தப்பான பதில்

செமஸ்டர் லீவுல ஆவுடையார்கோவில்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அக்காவோட மூணு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு ஆத்மநாதசுவாமி கோவிலுக்குப் போனோம். அங்க கருவறையில லிங்கத்தோட பாணம் கிடையாது, கீழே இருக்கிற ஆவுடை மட்டும்தான். சோத்துல இருந்து எழும்புற ஆவிதான் சாமிக்குப் படையல்.

நாலு வயசுக் குட்டி எட்டிப் பார்த்துட்டு, "மாமா, சாமி வெளிய போயிருக்காரா?" என்றாள். ஒன்பது வயசுப் பையன், "ஆவிதானே போகுது, சோறு அப்படியே இருக்குமே. அதை யாரு சாப்பிடுவா?" என்று கேட்டான். பதினாலு வயசுப் பெரியவள், "சாமிக்கு உருவமே இல்லன்னா, மத்த கோவில்ல எல்லாம் சிலை எதுக்கு?" என்றாள். அக்கா மூணு பேரையும் சேர்த்து, "சும்மா வாங்க" என்று அதட்டினாள்.

எனக்கு அப்போ ஜீன் பியாஜே ஞாபகம் வந்தார். இந்த சுவிஸ் உளவியலாளர் 1920 வாக்கில் பாரிஸில், குழந்தைகளுக்கான அறிவுத்திறன் தேர்வுகளைத் தரப்படுத்தும் வேலை பார்த்தார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு செய்வதைக் கவனித்தார். சரியான விடையை விட்டுவிட்டு, அந்தத் தப்புகளின் பின்னால் போனார். குழந்தையின் சிந்தனை நான்கு கட்டங்களாக வளர்கிறது என்றார். 2 வயது வரை தொட்டும் சுவைத்தும் அறிவது, 7 வரை கண்ணுக்குத் தெரிவதை நம்புவது, ஏறத்தாழ 11 வரை கைக்கு எட்டும் பொருட்களை வைத்துத் தர்க்கம் பேசுவது, அதன்பின் "அப்படி இருந்தால்?" என்று கற்பனையாக யோசிப்பது. இதில் கடைசி மூணும் அன்னைக்கு ஒரே சன்னதி வாசலில் நின்றன.

வீட்டுக்கு வந்ததும் மோருக்குச் சண்டை. "அண்ணனுக்குத்தான் நிறைய" என்று குட்டி அழுதாள். அவள் கிண்ணத்து மோரை அவள் கண் முன்னாடியே ஒல்லியான உயர டம்ளரில் ஊற்றினேன். அழுகை நின்னுடுச்சு! அளவு மாறல, உயரம்தான் மாறுச்சு. அந்த வயசுக்கு உயரம்தான் அளவு.

இந்தக் குட்டிக்குத்தான் எல்கேஜியில் 1 முதல் 50 வரை எழுதும் வீட்டுப்பாடம். டைரியில் "கவனம் போதாது" என்று குறிப்பு வேற. ஏழு காசை எண்ணிக் காட்டுவாள். அதையே கொஞ்சம் பரப்பி வைத்தால் "இப்ப நிறைய" என்பாள். இவளை 50 வரை எழுத வைத்தால் கை வலிக்கும், அவ்வளவுதான்.

2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் கற்றல் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார்கள். நம்ம வீடுகளுக்கும் அந்தப் பொறுமை வேணும்.

ஒரு எச்சரிக்கை. பியாஜே சொன்ன வயசு கறாரான கோடு இல்ல. அவர் நினைத்ததைவிடக் குழந்தைகள் சில விஷயங்களைச் சீக்கிரமே புரிஞ்சுக்கிறாங்கன்னு பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. "எம்புள்ள இன்னும் அடுத்த கட்டத்துக்குப் போகலையே" என்று இதையும் ஒரு ரேங்க் கார்டு ஆக்கிடாதீங்க.

நம்மில் பலர் லீவுல பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறோம். கோடு தப்பான அவுட்புட் தந்தா, எந்த வரியில அப்படி ஆச்சுன்னு உட்கார்ந்து தேடுறோம். பிள்ளைகிட்ட மட்டும் "தப்பு" என்று சொல்லிட்டு நகர்ந்துடுறோம். "ஏன் அப்படி நினைக்கிற?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

நான் கேட்டேன். "சாமி எங்க போயிருப்பாரு?"

"சோறு வருதுல்ல மாமா, கை கழுவப் போயிருக்காரு."