செல்போன் இல்லாத எட்டு மணி நேரம்

போன மாதம் திருமலையில் சர்வதரிசனத்துக்குப் போனேன். செல்போனை கவுண்டரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வைகுண்டம் கியூ காம்ப்ளெக்சுக்குள் நுழைந்தேன். கம்பார்ட்மென்டில் உட்கார்ந்தது காலை பத்து மணிக்கு. கதவைத் திறந்தபோது மாலை ஆறு தாண்டிவிட்டது.

பக்கத்தில் எங்கள் சித்தூர்ப் பெரியவர் ஒருவர், மாந்தோப்புக்காரர். "இந்த வருஷம் தோத்தாபுரி எப்படிங்க ஐயா?" என்று கேட்டேன். எத்தனை லோடு, லோடுக்கு எத்தனை டன், பறிகூலி, வண்டி வாடகை, மாங்கூழ் ஃபேக்டரியில் நிற்கும் பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கையில் மிஞ்சியதை ரூபாய் சுத்தமாகச் சொன்னார். விரலைக்கூட மடக்கவில்லை.

ரசீது தொலைந்து செல்போன் கிடைக்காவிட்டால் வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று அப்போது யோசித்தேன். மனைவியின் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் நினைவுக்கு வரவில்லை. பத்து வருஷமாகத் தினமும் கூப்பிடுகிற எண். அந்தப் பெரியவர் முன்னால் உட்காரவே கூச்சமாக இருந்தது.

மூன்று மணி நேரம் போன பிறகுதான் மனசு அடங்கியது. இரண்டு வாரமாக நகராமல் நின்ற ஒரு கட்டுரையை எங்கே தொடங்குவது என்று அங்கே தெளிந்தது. கையில் பேனா இல்லை. வரி வரியாகத் தலைக்குள்ளேயே அடுக்கினேன். இரவு அறையில் உட்கார்ந்து எழுதியபோது பெரும்பகுதி அப்படியே வந்தது.

1895இல் நம் மதனப்பள்ளியில் பிறந்த தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி, கருவியிடம் மூளையின் வேலையை ஒப்படைப்பதைப் பற்றி 1980களின் தொடக்கத்திலேயே திரும்பத் திரும்பப் பேசினார். மனிதன் யோசிக்கிற வேலையைக் கணினி எடுத்துக்கொண்டால் மூளை என்ன ஆகும் என்று கேட்டார். ஒன்று கேளிக்கையில் போய் விழும், இல்லாவிட்டால் தனக்குள் திரும்பும் என்றார். அன்று நம் ஊர்களில் பலர் கணினியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. திருமலையில் அறை எடுத்ததே இணையத்தில்தான். முன்பு அதற்கே அரை நாள் வரிசையில் நிற்போம். அப்படி மிச்சமான அரை நாளை நான் எதற்குக் கொடுத்தேன்? ரீல்ஸுக்கும் வாட்ஸ்அப்புக்கும்தான் கொடுத்திருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள வலிக்கிறது.

பிள்ளைகள் படிக்கிற வீடாக இருந்தால், ராத்திரி ஒரு மணி நேரம் எல்லோருடைய போனையும் அலமாரியில் வைத்துவிடுங்கள். பெரியவர்களுடையதும் சேர்த்துத்தான். எங்கள் வீட்டில் வைக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. மனைவியின் எண் இப்போது எனக்கு மனப்பாடம்.