ராமானுஜன் விட்ட ஒரு எண்

அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா. பாடியில எங்க பக்கத்துத் தெருதான். டிசம்பர் 22 கணித தினத்துக்கு ஸ்கூல்ல யாரோ வந்து பேசிட்டுப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்து கேக்கறா: "ராமானுஜத்துக்கு நாமகிரித் தாயார் கனவுல வந்து கணக்கு சொல்லிக் குடுப்பாங்களாம் மாமா. எனக்கு யாரு வருவா?" கேட்டுட்டு நோட்டை மூடி வச்சுட்டா.

இந்தக் கனவுக் கதை மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. (1729 டாக்ஸி கதை மேலயும்தான். அது தனிப் பதிவு.) அவளுக்கு நான் எழுதிக் காட்டினது வேற எண்: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

1915-ல லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் ஒரு நீளமான கட்டுரை எழுதினார். தன்னை விடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களைப் பற்றியது. உதாரணமா 12. அதுக்கு 6 காரணிகள். அதுக்குக் கீழ எந்த எண்ணுக்கும் 4-க்கு மேல கிடையாது. இப்படி 102 எண்களைப் பட்டியல் போட்டிருக்கார். கடைசி எண் 6746328388800. அதுக்கு 10080 காரணிகள். கால்குலேட்டர் இல்லாத காலம், வயசு 27. எனக்கு 28, நான் இன்னும் டிப்ஸ் கணக்குக்கே போனை எடுக்கறேன்.

அந்தப் பட்டியல்ல நடுவுல ஒரே ஒரு எண் விட்டுப்போச்சு. அதுதான் மேல சொன்னது. உடைச்சுப் பாருங்க:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வொரு அடுக்கோடயும் 1 கூட்டிப் பெருக்கினா 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். இதையே 23-ஆல பெருக்குங்க, பட்டியலோட கடைசி எண் வந்துடும்! அதை எழுதினவர் அதுக்குள்ளயே உக்காந்திருந்த இதைத் தவற விட்டிருக்கார்.

பைத்தான்ல எழுதிப் பாத்தேன். ஒவ்வொரு எண்ணா சோதிச்சா, நொடிக்குப் பத்து லட்சம்னாலும் 78 நாள் ஆகும். ஆனா இந்த எண்கள்ல பகா எண்களோட அடுக்குகள் போகப் போகக் கூடவே கூடாது, 4, 36 தவிர மத்ததுல கடைசி அடுக்கு 1தான் — இது ரெண்டையும் அவரே அதே கட்டுரையில நிரூபிச்சிருக்கார். அதைச் சேர்த்ததும் ஒரு நொடிக்குள்ள மொத்தப் பட்டியலும் வந்துடுச்சு, விட்டுப்போனதும் சேர்த்து.

கனவுல யாரோ சொல்லச் சொல்ல எழுதினவருக்கு நடுவுல ஒண்ணு விட்டுப் போகாது. ராத்திரி பகலா உக்காந்து பெருக்கினவருக்குத்தான் போகும். அவர் மேதை, அதுல சந்தேகமே இல்லை. அந்த உழைப்பை மறைச்சு எல்லாத்தையும் தாயார் கணக்குல எழுதிட்டா, பசங்க நோட்டை மூடத்தான் செய்வாங்க. விட்டுப்போன எண்ணால ஒண்ணும் குறைஞ்சிடல. இந்தக் கட்டுரைக்குத்தான் 1916-ல கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டமே குடுத்தது.

பொண்ணு நோட்டைத் திறந்து 23-ஆல பெருக்கிப் பாத்தா. முதல் தடவை தப்பு. ரெண்டாவது தடவை வந்துது. இப்ப 1729 என்னன்னு கேக்கறா. மாட்டிக்கிட்டேன் :-)