உள்ளே பூட்டு... வெளியே அட்ரஸ்!

இந்த வாரம் ஒரு குட்டி விளையாட்டோட ஆரம்பிக்கலாம். ஒருத்தரோட போன் லிஸ்ட் இது. பேர் வேண்டாம்.

காலை 9.10 - ஸ்கேன் சென்டர், 4 நிமிஷம். 9.20 - அம்மா, 38 நிமிஷம். 10.05 - காலேஜ் ஆபீஸ், 2 நிமிஷம். 10.10 - பேங்க், நகைக்கடன் பிரிவு, 6 நிமிஷம்.

என்ன பேசுனாங்கன்னு நான் ஒரு வார்த்தைகூட சொல்லலை. ஆனா உங்க மனசுல ஒரு கதை ஓடிருச்சுல்ல? அந்தக் கதைக்குப் பேர்தான் மெட்டாடேட்டா. யார், யாருக்கு, எப்போ, எவ்வளவு நேரம், எங்க இருந்து... பேச்சைத் தவிர மத்த எல்லாம்!

வாட்ஸ்அப்ல புதுசா ஒரு சாட் திறந்தா, மேல குட்டிப் பூட்டு படம் போட்டு ஒரு மஞ்சக் கட்டம் வரும். 2016-லேர்ந்து இருக்கு. 'எங்களாலகூட படிக்க முடியாது'ங்கிறான். உண்மைதான். லெட்டரைப் பூட்டியாச்சு. கவர் மேல இருக்கிற அட்ரஸ்?

எங்க ஊர் விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் மலை அடிவாரம். 1880-கள்ல ஆரம்பிச்ச ஹார்வி மில் (பின்னால மதுரா கோட்ஸ்) வளர்த்த ஊரு. அந்தக் காலத்துல சங்கு ஊதுனா எந்த வீட்டு ஆள் எந்த ஷிஃப்ட்டுன்னு தெருவுக்கே தெரியும்னு தாத்தா சொல்லுவாங்க. ஒருத்தர் ஷிஃப்ட் நேரத்துல வீட்டு வாசல்ல நின்னார்னா, 'ஏலே, என்ன மேலுக்கு முடியலையா?'ன்னு டீக்கடையில பேச்சு கிளம்பிருமாம். அவர் வாயே திறந்திருக்க மாட்டார்!

டீக்கடை அண்ணாச்சிக்கு மறதின்னு ஒண்ணு உண்டு. போன் கம்பெனிக்குக் கிடையாது பாஸ். நீங்க பேசுற ஒவ்வொரு காலுக்கும் சி.டி.ஆர்.னு ஒரு பதிவு விழும். ரெண்டு நம்பர், நேரம், எத்தனை செகண்ட், உங்க ஹேண்ட்செட்டோட அடையாள எண், எந்த டவர். இதை ஒரு வருஷம் வைக்கணும்னு இருந்த லைசென்ஸ் விதியை 2021 டிசம்பர்ல ரெண்டு வருஷம் ஆக்கிட்டாங்க.

இன்னொரு மேட்டர் கவனிங்க. உங்க பேச்சை ஒட்டுக்கேக்கணும்னா சாதாரணமா உள்துறைச் செயலர் உத்தரவு வேணும். ஆனா யார்கிட்ட பேசுனீங்கங்கிற லிஸ்ட்டுக்கு அவ்வளவு உசரம் ஏற வேண்டாம். 2013-ல ராஜ்யசபா எதிர்க்கட்சித் தலைவரா இருந்த அருண் ஜேட்லியோட கால் லிஸ்ட்டை எடுக்க முயற்சி பண்ணுனதா டெல்லியில ஒரு கான்ஸ்டபிள் கைதானார். ஒரு மேலதிகாரியோட ஆபீஸ் இமெயில்லேர்ந்து கம்பெனிக்கு மெயில் போட்டாராம். அம்புட்டுதான்! அதுக்கப்புறம்தான் எஸ்.பி. ரேங்க் அதிகாரி அனுமதி வேணும்னு இறுக்குனாங்க.

திருடனைப் பிடிக்க சி.டி.ஆர். உதவுது, மறுக்கலை. ஆனா ஒரு ரிப்போர்ட்டர்கிட்ட மணல் கொள்ளையைப் பத்திச் சொன்ன ஆள், போராட்டத்துல அடிபட்டவருக்கு வக்கீல் தேடின பொண்ணு... இவங்களுக்கெல்லாம் 'என்ன சொன்னே'ங்கிறதைவிட 'யார்கிட்ட சொன்னே'ங்கிறதுதான் ஆபத்து.

சரி, கவரையும் மறைக்க முடியுமா? முடியும்... ஓரளவுக்கு.

டார்னு ஒரு நெட்வொர்க். அடிப்படை ஐடியா 1990-கள்ல அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்துல பிறந்தது. உங்க தகவலை மூணு உறைக்குள்ள போடும், வெங்காயத் தோல் மாதிரி. மூணு வெவ்வேற கம்ப்யூட்டர் வழியா அனுப்பும். முதல் ஆள் ஒரு தோலை உரிப்பார். உங்களைத் தெரியும், எங்க போறீங்கன்னு தெரியாது. நடுவுல இருக்கிறவருக்கு ரெண்டுமே தெரியாது. கடைசி ஆளுக்குப் போற இடம் தெரியும், அனுப்புனது யாருன்னு தெரியாது. முதல் ஆளும் கடைசி ஆளும் கூட்டு சேர்ந்தாலொழிய முழுக்கதை யார் கையிலயும் இல்ல.

'அதான் வி.பி.என். இருக்கே'ங்கிறீங்களா? அங்க ஒரே கம்பெனிக்கு எல்லாம் தெரியும். பூட்டை மாத்தலை, சாவியை வேற ஆள்கிட்ட குடுக்குறீங்க. 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டுச்சு. வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளர் பேர், அட்ரஸ் எல்லாம் 5 வருஷம் வைக்கணும்னு. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு, சர்ஃப்ஷார்க் எல்லாம் இந்தியாவுல இருந்த சர்வரைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க.

டார் போட்டுட்டா நாம மாயாவின்னு நினைச்சுராதீங்க. 2013 டிசம்பர், ஹார்வர்டு யுனிவர்சிட்டி. செமஸ்டர் எக்ஸாம்லேர்ந்து தப்பிக்க ஒரு மாணவர் வெடிகுண்டு மிரட்டல் மெயில் அனுப்புனார் (நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைச்சீங்களா?). டார் வழியா, பக்காவா. ஆனா காலேஜ் வைஃபையில இருந்தே! 'அந்த நேரத்துல நம்ம வைஃபையில டார் யூஸ் பண்ணது யாரு?'ன்னு தேடுனாங்க. அவர் சிக்கிட்டார், விசாரணையில ஒத்துக்கிட்டார். அந்த மெயில்ல எந்தப் பூட்டும் உடையலை. அவர் தனியா நின்னார், அவ்வளவுதான் தப்பு. ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டத்துல ஒருத்தரைத் தேடுறது கஷ்டம். அதே ஆள் நட்டநடு மத்தியானம் அணைக்கட்டு ரோட்டுல முகத்தை மூடிட்டுத் தனியா நடந்தா?

அதனாலதான் டாரைத் தடை பண்ற நாடுகளுக்காக ஸ்னோஃப்ளேக்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. உலகம் பூரா தன்னார்வலர்களோட பிரவுசர்தான் நடுவுல பாலம். வெளியே இருந்து பார்த்தா வீடியோ கால் பேசுற மாதிரி இருக்கும். செம ஐடியால்ல?

சிக்னல் ஆப் இன்னொரு வழியில போச்சு. சேர்த்து வைக்கவே வேண்டாம்னு. 2016-ல அமெரிக்கக் கோர்ட் ஒரு அக்கவுண்டோட விவரம் கேட்டப்போ, அவங்ககிட்ட குடுக்க இருந்தது ரெண்டே ரெண்டு: அக்கவுண்ட் தொடங்குன நேரம், கடைசியா கனெக்ட் ஆன தேதி. முடிஞ்சது! 2018-ல அனுப்புறவர் பேரையும் உறைக்குள்ள வைக்கிற வசதியைக் கொண்டு வந்தாங்க.

இதெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரே கேள்விதான். இத்தனைக்கும் நெட் வேணுமே?

2018 மே 22. தூத்துக்குடியில ஸ்டெர்லைட் போராட்டத்தோட 100-வது நாள். துப்பாக்கிச் சூடு. 13 பேர் உயிர் போச்சு. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் நெட்டை நிறுத்தி உத்தரவு. வதந்தி பரவுதுங்கிறது காரணம். எங்க தாமிரபரணி போய்க் கடல்ல சேர்ற மாவட்டம் அது. அங்க வேலைக்கும் படிக்கவும் போனவங்க எங்க பக்கம் நிறைய. நான் அப்போ ஸ்கூல் பையன். வாட்ஸ்அப் சுத்திக்கிட்டே நின்னது நல்லா ஞாபகம் இருக்கு.

ஊர் என்ன செஞ்சுது? சாதாரண காலுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் திரும்புச்சு. இப்போ யோசிச்சா பகீர்ங்குது. நெட்டை நிறுத்துனா ஜனங்க பேசுறதை நிறுத்த மாட்டாங்க. பூட்டே இல்லாத வழிக்கு மாறுவாங்க. வாட்ஸ்அப்ல உள்ளேயாவது பூட்டு உண்டு. எஸ்.எம்.எஸ்.ல அதுவும் இல்ல. 'அண்ணன் வந்துட்டானா?', 'எந்த ஆஸ்பத்திரி?'ன்னு பதறின ஒவ்வொரு காலும் நம்பர், நேரம், டவரோட கம்பெனி சர்வர்ல பதிவாகியிருக்கும். அதுல போராட்டத்துக்குப் போன பையனோட அம்மாவும் இருப்பாங்க, பஸ் கிடைக்காம மாட்டிக்கிட்டவரோட அம்மாவும் இருப்பாங்க. லிஸ்ட்டுல ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க.

2020 ஜனவரியில காஷ்மீர் வழக்குல சுப்ரீம் கோர்ட், நெட்டை நிறுத்துற உத்தரவை வெளியிடணும், காலவரம்பு இல்லாம நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிருச்சு. வரவேற்கலாம். ஆனா கோர்ட்டுக்குப் போய் நிக்கிறதுக்குள்ள அந்த அஞ்சு நாள் ஓடிப்போயிருமே...

நெட் இல்லாத நேரத்துக்குன்னே பிரையர்னு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் இருக்கு. நெட் இருந்தா டார் வழியா போகும். இல்லைன்னா ப்ளூடூத், வைஃபையில பக்கத்துப் போனுக்கு நேரா தாவும். நடுவுல கம்பெனி சர்வரே கிடையாது. ஹாஸ்டல்ல ரூமுக்கு ரூம் டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம், பிரச்னை இல்லாம போச்சு. ஒரே குறை, ப்ளூடூத் ஒரு தெருவைத் தாண்டாது. வி.கே.புரத்துலேர்ந்து அம்பாசமுத்திரத்துக்கு ஒரு செய்தி போகணும்னா, அதைப் போன்ல வச்சுக்கிட்டு யாராவது பஸ் ஏறணும். அப்புறம், அந்த ஆப் ரெண்டு பேர் போன்லயும் இருக்கணும். நெட் போன பிறகு டவுன்லோட் பண்ண முடியாதுல்ல?