பொது உரிமமும் நமது கடமையும்

ஜவ்வாது மலையிலே, காவலூரில், 1986ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஒன்றே. அதனை நாடுவோரோ பலர். ஆதலின் ஆராய்ச்சியாளர் முன்னரே விண்ணப்பித்து, குழுவொன்று பகுத்தளிக்கும் இரவுகளையே பெறுகின்றனர்.

கணினிக் கூடத்தின் நிலையும் இதுவே. வானியலார் கையாளும் ஐ.டி.எல். போன்ற விலைகொடுத்துப் பெறும் மென்பொருளின் உரிமங்களைப் பலர் வலையமைப்பிற் பகிர்ந்துகொள்ளுங்கால், உரிம வழங்கி அவற்றை எண்ணிக் கொடுத்து, மூடியபின் மீளப் பெறுகின்றது. உரிமம் பத்தாயின், பதினோராமவர் காத்திருத்தல் வேண்டும். உள்ளிருக்கும் பதின்மருள் ஒருவர் அதனைத் திறந்தபடியே விட்டு உணவருந்தச் சென்றிருத்தலுங் கூடும்!

வாளாவிருக்கும் உரிமத்தைக் குறித்த நேரத்தில் மீட்கும் விதி நன்றே. ஆயினும் அதற்குமுன் நாமே மூடுதல் சாலச் சிறந்தது. மேகம் மறைத்த இரவிற்கு எவரும் பொறுப்பல்லர். மூட மறந்த உரிமத்திற்கு நாமன்றோ பொறுப்பு?