நிர்வாகம் பொருப்பல்ல

'பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொருப்பல்ல' என்று எழுதிய தகரப் பலகை தமிழ்நாட்டின் சைக்கிள் ஸ்டாண்டுகளுக்குப் புதிதல்ல. பொருப்பு என்றால் மலை. நிர்வாகம் மலையல்ல என்று அறிவிக்கிற அந்தப் பலகையைப் பார்த்து நம் நண்பர்கள் சிரிக்கிறார்கள். பெட்டிக்கடையில் 'குளிர்பாணம்' விற்கிறார்கள். பாணம் என்பது அம்பு. சுவரொட்டியில் 'முன்னால் அமைச்சர்' கைகூப்புகிறார். யாருக்கு முன்னால் என்று தெரியவில்லை. 'இந்தச் சுவற்றில் விளம்பரம் செய்யாதே' என்கிற விளம்பரம் சுவர் முழுக்க இருக்கிறது. இவற்றையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இலக்கியக் கூட்டம் முடிந்த பின் டீக்கடை பெஞ்சில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிச் சிரிப்பது நம் வட்டத்தில் ஒரு பொழுதுபோக்காகியிருக்கிறது. பொழுதுபோக்காக மட்டும் இருந்தால் நான் எழுத வேண்டியதில்லை. இதற்கு 'மொழிப் பிரக்ஞை' என்று பெயர் சூட்டுகிறார்கள். அதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பெயிண்டர் என்ன செய்திருக்கிறான் என்று பார்க்கலாம். பேச்சுத் தமிழில் பெரும்பாலான வட்டாரங்களில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு போய்விட்டது. னகரமும் ணகரமும் நெருங்கிவிட்டன. தெற்கே ழகரம் ளகரமாகி நாளாயிற்று. எழுத்தில் இருப்பது காதில் இல்லை. பெயிண்டர் காதை நம்புகிறான். சுவற்றில் என்று அவன் எழுதுவது அறியாமை மட்டும் அல்ல. வயிறு வயிற்றில் ஆகிறது. கயிறு கயிற்றில் ஆகிறது. 'சுவரு' என்று வாயில் வருகிற சொல்லும் அதே ஓசையில் முடிவதால் அதையும் அதே விதியில் போட்டுச் சுவற்றில் என்கிறான். விதி சரி, போட்ட இடம்தான் தவறு. இலக்கணத்தை அவனுக்கு யாரும் சொல்லித் தராமலே அவன் ஒரு இலக்கண விதியை உள்வாங்கியிருக்கிறான். சிரிப்பவர்களில் எத்தனை பேருக்கு 'சுவற்றில்' ஏன் தவறு என்று சொல்லத் தெரியும்? தவறு என்று தெரியும், அவ்வளவுதான். அது படிப்பு அல்ல, மனப்பாடம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்துகொண்டு எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிப்பதற்குத் தனிச் சுரணையின்மை வேண்டும். இங்கே தடுக்கி விழுந்தால் கல்வெட்டு. சித்தன்னவாசல் குன்றின் சமணப் படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிடக்கிறது. குடுமியான்மலைப் பாறையில் பல்லவ கிரந்தத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. சமஸ்தானம் இருந்த காலத்திலேயே இங்குள்ள கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929-ல் புத்தகமாகப் போட்டார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 'வைத்த' என்பது அங்கே 'வைச்ச' என்று இருக்கும், 'கொடுத்த' என்பது 'குடுத்த' என்று இருக்கும். உளி பிடித்தவனும் காதைத்தான் நம்பியிருக்கிறான். கல்வெட்டுப் பதிப்பாசிரியர் இதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கல்லில் உள்ளதை உள்ளபடியே அச்சிடுகிறார். தேவைப்பட்டால் சரியான வடிவத்தை அடிக்குறிப்பில் தருகிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அந்தப் பிழைகள் சாட்சி. கல்லில் இருந்தால் சாட்சி, தகரத்தில் இருந்தால் கேலி. இந்த வித்தியாசம் மொழியைப் பற்றியது அல்ல. எழுதியவன் இன்னும் உயிரோடு, லுங்கி கட்டிக்கொண்டு, நமக்குக் கீழே நிற்கிறான் என்பதைப் பற்றியது.

'சரியான எழுத்து' என்பதும் வானத்திலிருந்து இறங்கியதல்ல. 1978 அக்டோபரில் அரசாணை வரும்வரை விராலிமலைக்கும் நார்த்தாமலைக்கும் பலகை எழுதியவர்கள் துதிக்கை வளைந்த லை போட்டார்கள். அதுதான் சரி. பெரியார் 1935 முதல் தம் பத்திரிகையில் பயன்படுத்திவந்த சீர்திருத்த எழுத்தை அரசு ஏற்றுக்கொண்டதும் பதின்மூன்று எழுத்துக்களின் பழைய வடிவம் வழக்கொழிந்தது. ஓர் அரசாணையால் சரி என்பது பழசாகும் என்றால், பிழை என்பதைப் பற்றிக் கொஞ்சம் அடக்கமாகப் பேசலாம்.

நம் சொந்தப் பக்கங்களையும் பார்க்கலாம். ஒரே பிரெஞ்சு எழுத்தாளர் சிறுபத்திரிகைகளில் காம்யு, காம்யூ, காமு, கேமு என்று நான்கு பேராக உலவுகிறார். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் ஆசிரியர் அன்றைக்கு இருக்கிற மனநிலையைப் பொறுத்தது. கட்டுரை முழுக்க அந்நியச் சொற்றொடரைத் தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு அதைச் சிந்தனை என்கிறோம். பெயிண்டர் தன் காதில் விழுந்ததை எழுதினான். நாம் நம் காதில் ஒருபோதும் விழாததை எழுதுகிறோம். எது பெரிய பிழை?

ஆனால் என் வாதம் இதுவும் அல்ல. பெயிண்டரின் பிழை யாருக்கும் நஷ்டம் உண்டாக்குவதில்லை. குளிர்பாணம் குடித்து யாருக்கும் அம்பு தைத்ததில்லை. பிழைக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது அன்றாட விஷயம். கிழவியின் பெயர் வள்ளி. ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ அதை ஆங்கிலத்தில் அடித்தார்கள். ஆங்கிலத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எழுத்துத்தான். இன்னோர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அதைத் திரும்பத் தமிழாக்கியது. வள்ளி வல்லியானாள். ஒரு அட்டையில் அப்படி, பாஸ்புக்கில் இப்படி. முதியோர் உதவித்தொகை நின்றுவிடுகிறது. இரண்டு பெயரும் ஒருத்திதான் என்று எழுதி வாங்கிவரச் சொல்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம், மறுபடி வங்கி என்று பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அலைகிறாள். அவள் கையெழுத்தே போடத் தெரியாதவள், கைநாட்டு. வாழ்க்கையில் ஓர் எழுத்துக்கூட எழுதாதவள் எழுத்துப் பிழைக்கு அபராதம் கட்டுகிறாள். எழுதியவனுக்கு ஒரு சேதமும் இல்லை. இந்தப் பிழையை யாரும் படம் எடுப்பதில்லை. இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லையே.

இதற்குப் பக்கத்தில் 2020-ஐ வைத்துப் பாருங்கள். ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று 1018 ஊர்களுக்குப் புது எழுத்துக்கூட்டு அறிவித்தது தமிழக அரசு. நோக்கம் நியாயமானது. விளைவு, வேலூர் ஆங்கிலத்தில் 'வீலூர்' என்று படிக்கும்படி ஆயிற்று. கோயம்புத்தூர் வாயில் நுழையாத நீளத்துக்குப் போனது. பத்திரிகைகள் சிரித்தன, படித்தவர்கள் சிரித்தார்கள். ஜூன் மாதத்தில் அறிவிப்பு வெளியே வந்தது; அதே ஜூன் மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளப்பட்டது. ஆங்கிலம் தெரிந்தவன் கண்ணை உறுத்திய பிழையைச் சில நாட்களில் திருத்த முடிகிற அரசு இயந்திரத்துக்கு, வள்ளியின் ஒற்றை எழுத்தைத் திருத்த மாதங்கள் ஆகின்றன. எழுத்துப் பிழையின் அரசியல் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். இலங்கையில் 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987-ல் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழி என்றானது. சட்டத்தில் ஆனது. பஸ்ஸில், கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய இருக்கைக்கு மேல் 'தாய்' இருக்க வேண்டிய இடத்தில் 'நாய்' என்று எழுதியிருந்த பலகையின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நம் நண்பர்கள் அதற்கும் சிரித்தார்கள். அது காதால் வந்த பிழையல்ல. தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை என்பதன் அடையாளம். அந்த இருக்கையில் உட்கார வேண்டிய பெண் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். நம் பெயிண்டரின் 'பாண'த்தையும் இதையும் ஒரே ஆல்பத்தில் ஒட்டுகிற ரசனையை என்னவென்பது!

பிழையே இல்லாத எழுத்தும் இருக்கிறது. தீண்டாமை குற்றம் என்று சொல்லும் வாசகம் நம் பள்ளிப் பாடநூல்களின் முன்பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக அச்சாகிறது. ஒற்று, சந்தி, எல்லாம் சரி. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அந்த வாசகத்தில் எழுத்துப் பிழை இல்லாததால் யாரும் அதை நின்று வாசிக்கவில்லை போலும்.

அப்படியானால் பிழை இருக்கட்டும் என்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. திருத்த வேண்டும். ஆனால் திருத்துவது வேறு, சேகரிப்பது வேறு. பெயிண்டரிடம் போய், 'அண்ணே, பொறுப்புக்குப் பெரிய ற போடணும்' என்று சொன்னால் ஏணியை வைத்து, ஒரு தூரிகை இழுப்பில் மாற்றிவிடுவான். படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்? இப்போது அவன் தொழிலே போய்க்கொண்டிருக்கிறது. ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. அதில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமானால் பேனரையே தூக்கி எறிய வேண்டும். அச்சடித்தவன் கொடுத்ததை அடித்தேன் என்பான், கொடுத்தவன் கம்ப்யூட்டரில் அப்படித்தான் வந்தது என்பான். ஆள் இல்லாத பிழை. அரசு அலுவலகப் பிழைக்கும் இதுதான் இலக்கணம்.

எனவே மொழிப் பிரக்ஞை உள்ள நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பலகைகளை விட்டுவிடுங்கள். எந்தத் தாலுகா அலுவலக வாசலிலும் காலை பத்து மணிக்குப் பெயர் திருத்த வந்தவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். மனு எழுதிக் கொடுப்பவருக்குக் கொடுக்கக்கூடக் காசில்லாதவர்கள் அவர்களில் உண்டு. ஒரு மனு எழுதிக் கொடுங்கள். பிழையில்லாமல்.