அனல் வீசிய ஏ.ஸி.

சென்ற மே மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். மகன் காரை ஓட்ட, முன்னால் இவர். பின்னால் நானும் மருமகளும். நடுவில் குழந்தை இருக்கையில் ஏழு மாதப் பேரன். தாம்பரம் தாண்டி வண்டி ஓடிக்கொண்டிருந்தவரை ஏ.ஸி. ஜில்லென்றுதான் இருந்தது. பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றோம் பாருங்கள், ஐந்தே நிமிஷத்தில் அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி அனல்! குழந்தை வீறிட்டு அழுதான். அப்புறம் திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டான். அழுததைவிட அந்த மௌனம்தான் என் வயிற்றைக் கலக்கிவிட்டது.

கண்ணாடிகளை இறக்கச் சொல்லி, சாவடி தாண்டியதும் ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து விசிறினோம். மருமகள் பால் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் பிள்ளை சிரித்தான். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு வெகு சீக்கிரம் சூடேறிவிடும். துவண்டு போனாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு கொதித்தாலோ "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று இருக்கவே கூடாது. வழியிலேயே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

"கேஸ் தீர்ந்திருக்கும்மா, மறுபடி போட்டுடலாம்" என்றான் மகன். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஏப்ரலில்தானே இதே புகாருக்காக ஓர் ஒர்க் ஷாப்பில் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து கேஸ் நிரப்பினோம்! பத்து வருஷமாக ஓடுகிற நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வருஷா வருஷமா கேஸ் போடுகிறோம்? பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை அது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. காரில் ரப்பர் குழாய்களும் இணைப்புகளும் இருப்பதால் பல வருஷங்களில் கொஞ்சம் கசியும், வாஸ்தவம்தான். ஆனால் ஒரே மாதத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் அனல். அது ஏன்?

ஊர் திரும்பியதும் வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் ஏ.ஸி.யையும் போடச் சொன்னேன். காற்று பலமாகத்தான் வந்தது. (பலமே இல்லாவிட்டால் முதலில் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் முன் சீட்டுக்கு எதிரேயுள்ள சின்ன அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் ஃபில்டரில் ஒரு தலையணை தைக்குமளவு பஞ்சும் தூசியும்!) பிறகு முன்பக்க வலைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே இரண்டு ஃபேன்கள். ஏ.ஸி. போட்டதும் அதற்கான ஃபேன் சுழல வேண்டும். எங்களுடையது அசையவே இல்லை. நீங்கள் பார்க்கும்போது எட்ட நின்றே பாருங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் அது திடீரென்று சுற்றும். கையோ புடவைத் தலைப்போ கிட்டே போகக் கூடாது.

ஃப்ரிட்ஜின் பின்புறம் சுடுமில்லையா? உள்ளே இருக்கிற வெப்பத்தை வெளியே கொட்டுகிற இடம் அது. காரில் அந்த வேலையைச் செய்வது முன்பக்கம் இருக்கிற கண்டென்சர். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர்வித்துவிடுகிறது. நின்றால் ஃபேன்தான் கதி. ஏப்ரலில் கேஸ் போட்டவர் "சரியாப் போச்சும்மா" என்று ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினாரே, ஓட்டினால் குளிரத்தானே செய்யும்!

ஏ.ஸி. வேலை மட்டும் பார்க்கிற ஒரு கடைக்குப் போனோம். நான் சொன்னதைக் கேட்டு அந்தப் பையன், "ஃபேனைப் பார்த்தீங்களாம்மா?" என்று ஆச்சரியப்பட்டான். ஃப்யூஸ் சரி. ரிலேயை மாற்றிப் போட்டும் சுழலவில்லை. மோட்டாரை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டினான். முனகிக்கொண்டே நாலு சுற்று சுற்றி நின்றது. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதாம். நம் மிக்ஸிக்கு வருகிற அதே நோய்! கேஸை மெஷினில் இழுத்து எடை போட்டால், குறைவதாவது, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதிகமானாலும் குளிர்ச்சி கெடுமாம். எத்தனை கிராம் வேண்டும் என்று பானெட்டுக்குள் ஒட்டியிருந்த சீட்டிலேயே அச்சிட்டிருந்தது.

உங்கள் வண்டியில் ஓடும்போதும் அனல்தான் என்றால் கசிவோ, கம்ப்ரஸர் கோளாறோ இருக்கலாம். "கசிவு எங்கேன்னு சோதிச்சுக் காட்டிட்டு அப்புறம் கேஸ் போடுங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தக் குழாய்களை மட்டும் வீட்டில் யாரும் கழற்ற வேண்டாம். உள்ளே அழுத்தம் அதிகம். பீறிட்டால் தோல் உறைந்து புண்ணாகிவிடும்.

புது மோட்டார் மாட்டி, கண்டென்சரில் அப்பியிருந்த பூச்சியையும் சருகையும் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவித் தந்தான். பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து பரணில் வைத்திருக்கிறேன், ஏப்ரலில் கேஸ் போட்டவரிடம் ஒரு நாள் காட்டலாமென்று. இவர்தான் "விடேன், போகட்டும்" என்கிறார்.